கட்டைவிரலில் திரும்பி வந்த சுழி

என் அண்ணி செல்லம்மா அழுத்தி எடுத்த கட்டைவிரல், காகிதத்தில் ஒரு கறுப்பு மொத்தையை மட்டும் விட்டுவிட்டு வந்தது.

கோல சிலாங்கூர் பட்டணத்தில் அடையாள அட்டை பதியும் அலுவலகம். எண்பதுகளின் நடுப்பகுதி, ஆண்டு சரியாக நினைவில்லை. தீபாவளி முடிந்து மழை விடாத மாதம் என்பது மட்டும் தெரியும். அண்ணியின் சேலைக் கரையில் தோட்டத்துச் சேறு காய்ந்து ஒட்டியிருந்தது.

மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த மலாய் அதிகாரி பொறுமைசாலி. மை உருளையை அண்ணியின் விரலில் இரண்டாம் முறை ஓட்டினார். விரலைத் தானே பிடித்து இடமிருந்து வலமாக மெல்ல உருட்டினார். மறுபடியும் மொத்தை. மூன்றாவது முறையும் அதுவே. காகிதத்தை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, "காரிஸ் தா அடா" என்றார்.

"என்னா சொல்றாரு, கலா?"

"விரல்ல ரேகையே இல்லையாம் அண்ணி."

"அது எங்க போச்சு? நான் எங்கயும் வச்சிட்டு வரலையே!"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அண்ணியும் சிரித்தார். ஒன்றும் புரியாமலேயே அதிகாரியும் சிரித்தார். நாங்கள் இருவரும் நிறுத்திய பிறகும் அண்ணி மட்டும் சிரித்துக்கொண்டே இருந்தார், கண்ணில் நீர் வழியும்வரை. அப்போதுதான் அது சிரிப்பில்லை என்று எனக்குத் தெரிந்தது.

அதிகாரி கோப்பை மூடவில்லை. "ஆறு வாரம் என் மேசையிலேயே வைத்திருக்கிறேன். அதற்குள் கையைத் தேற்றிக்கொண்டு வரச் சொல்" என்று மலாயில் என்னிடம் சொன்னார். அதைத் தாண்டினால் கோப்பைத் திருப்பி அனுப்பியாக வேண்டும். பிறகு முதலிலிருந்து குடியுரிமை விண்ணப்பம் போட வேண்டும். அண்ணி விண்ணப்பம் போட்டபோது நான் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தேன். பதில் வந்தபோது வேலைக்குப் போய் இரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன.

வீட்டுக்குள் ஒரு விருந்தாளி

அண்ணி பிறந்தது ஈஜோக் பக்கத்தில் ஒரு தோட்டத்து லயத்தில், தொழிலாளர்களின் வரிசை வீட்டில். மருத்துவச்சி கையில் விழுந்த பிள்ளை. பிறப்புப் பத்திரம் என்று ஒன்று எடுக்க வேண்டும் என அவருடைய அப்பாவுக்கு யாரும் சொல்லவில்லை. பன்னிரண்டு வயதில் சிவப்பு அடையாள அட்டை கொடுத்தார்கள். இந்த நாட்டில் இருந்துகொள்ளலாம், ஆனால் நீ இந்த நாட்டுக் குடிமகள் இல்லை என்று அதற்கு அர்த்தம். எனக்கும் என் அண்ணன் ராஜுவுக்கும் நீல அட்டை.

"இந்த வீட்டுல நான் மட்டும் விருந்தாளிலா" என்று அண்ணி கிண்டலாகச் சொல்வார். அந்த விருந்தாளிதான் விடியுமுன் எழுந்து எல்லோருக்கும் கோப்பி கலக்கி வைத்துவிட்டு வேலைக்கு ஓடுவார்.

அட்டையின் நிறத்தைப் பற்றி அவர் கவலைப்பட்டதற்கு ஒரே காரணம் சிங்கப்பூர். அண்ணிக்குத் தாய் போல இருந்து வளர்த்த அக்கா பாக்கியம் அங்கே வாழ்க்கைப்பட்டிருந்தார். அக்காவின் கணவர் படுத்த படுக்கை. அவரை விட்டுவிட்டு அக்காவால் ஒரு நாள்கூட வெளியே வர முடியாது. அண்ணி போகலாம் என்றால் சிவப்பு அட்டைக்குப் பாஸ்போர்ட் கிடையாது. எட்டு வருஷம் இருவரும் முகம் பார்க்கவில்லை. கடிதத்தில் அக்கா எப்போதும் கடைசி வரியாக, "உன்னைப் பார்த்துவிட்டால் போதும்" என்று எழுதுவார். அதை நான்தான் அண்ணிக்கு வாசித்துக் காட்டுவேன். அந்த வரி வரும்போது வேண்டுமென்றே வேகமாகப் படித்துவிடுவேன்.

நீல அட்டை வந்தால் அக்காவைப் பார்க்கலாம். கட்டைவிரல் பதிந்தால் நீல அட்டை வரும். விரலில் ரேகை இல்லை.

உரம் தின்ற கை

அப்போது நாங்கள் இருந்தது எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டத்தில். அண்ணிக்கு உரம் போடும் வேலை. இடுப்பில் வாளியை அணைத்துக்கொண்டு, வெறுங்கையால் உரத்தை அள்ளி, மரத்தைச் சுற்றி வீச வேண்டும். ஒரு மரம் இல்லை, இரண்டு மரம் இல்லை. கண் எட்டுகிற தூரம்வரை மரம்தான். மழையில் நனைந்த கையில் அந்த உப்பு உரம் பட்டால் வெடிப்புக்குள் புகுந்து எரியும். பல வருஷம் அப்படி எரிந்து, தோல் பழைய சைக்கிள் டயரைப் போல ஆகிவிட்டது. நடுவில் வெடிப்பு, சுற்றிலும் வழவழப்பு. அந்த வழவழப்பைத்தான் அதிகாரி பார்த்தார்.

பஸ்ஸில் திரும்பும்போது அண்ணி கையை மடியில் கவிழ்த்தே வைத்திருந்தார். "நான் சரி பண்றேன் அண்ணி" என்று நான் வாக்குக் கொடுத்தேன். வாய்க்கொழுப்புதான். தோட்டத்து எண்ணெய் ஆலையின் ஆய்வுக்கூடத்தில் எனக்கு உதவியாளர் வேலை. வெள்ளைக் கோட்டு மாட்டிக்கொண்டு, போத்தலில் எண்ணெயை ஊற்றிச் சோதிப்பேன். உலகத்திலுள்ள எல்லா எண்ணெய்க்கும் நானே அதிபதி என்று ஒரு நினைப்பு.

முதலில் நான் கொடுத்தது என்னுடைய முகக் கிரீம். கடையில் வாங்கியது, ரோஜா வாசனை. அதைப் பூசினால் சிவப்பாகிவிடுவேன் என்று நம்பிய காலம் அது. அண்ணி வெடிப்பில் தடவியதும், அதிலிருந்த வாசனைச் சரக்கு பட்டு எரிந்து, "ஐயோ அம்மா" என்று தண்ணீர்த் தொட்டிக்கு ஓடினார்.

அடுத்து என் ஆலையின் பெருமையைக் காட்டலாம் என்று, சோதனை முடிந்த போத்தலில் மிஞ்சிய பச்சைப் பனை எண்ணெயைக் கொண்டுவந்தேன். பச்சை என்றால் சுத்திகரிக்காதது என்று அர்த்தம். நிறம் நல்ல செம்மஞ்சள். அண்ணியின் கை, ரவிக்கை, தலையணை, அண்ணனின் சட்டைக் காலர் எல்லாம் மஞ்சள் பூத்தன. கட்டிலில் எறும்பு ஊர்ந்தது. மறுநாள் வேலையை மேற்பார்க்கும் மண்டோர் அண்ணியின் கையைப் பார்த்து, "என்னா செல்லம்மா, யாரு வீட்டுக் கல்யாணத்துக்கு மருதாணி வச்சே?" என்று கேட்டாராம்.

"ஒன் படிப்பெல்லாம் ஆலையோட நிறுத்திக்க" என்றார் அண்ணன். அவர் லோரி ஓட்டுநர். நாள் முழுதும் வாய் திறக்காதவர். திறந்தால் இப்படித்தான்.

ஆனாலும் அன்று மாலை அவர் வாய் பேசாமல் புக்கிட் பெலிம்பிங் பக்கமிருந்து ஒரு கோணி நிறையத் தேங்காய் கொண்டுவந்து போட்டார்.

எண்ணெயும் தண்ணீரும்

தேங்காயைத் துருவி, பால் பிழிந்து, காய்ச்சி எடுத்த எண்ணெய் எரியவில்லை. வாசனையும் நன்றாக இருந்தது. ஆனால் தடவிய அரை மணி நேரத்தில் கை பழையபடி வறண்டது. எண்ணெயைக் கையிலேயே பிடித்து வைக்க ஏதாவது வேண்டும். பட்டணத்துச் சீன மருந்துக்கடையில் தேன்மெழுகு கிடைக்கும் என்று யாரோ சொன்னார்கள். கடைக்காரம்மாவுக்கு நான் கேட்டது புரியவில்லை. அண்ணி கையை விரித்துக் காட்டினார். அந்த அம்மா ஒன்றும் கேட்காமல் உள்ளே போய், மஞ்சள் மெழுகுக் கட்டி ஒன்றைக் காகிதத்தில் சுற்றிக்கொண்டு வந்து, அண்ணியின் கையில் அதை வைத்து, தன் இரண்டு கைகளாலும் மூடினார்.

ஒரு கோப்பை எண்ணெய்க்குத் தீப்பெட்டி அளவு மெழுகு. உருக்கி ஆறவைத்தால் மெழுகுக் களிம்பு. அது கையில் நின்றது. ஆனால் வெடிப்புக்கு எண்ணெய் மட்டும் போதவில்லை, ஈரமும் வேண்டியிருந்தது. வாசலில் டின்னில் வளர்ந்த கற்றாழையை அறுத்து, மஞ்சள் பால் வடிய விட்டு, கழுவி, உள்சோற்றை மசித்து வடிகட்டி அந்த நீரைக் களிம்பில் ஊற்றினேன். எண்ணெய் மேலே, நீர் கீழே. கலக்கினேன். சேரவில்லை. மூன்று நாள் மாற்றி மாற்றிச் செய்தும் அதே கதை.

"எண்ணெயும் தண்ணியும் எங்கயாச்சும் ஒட்டுமா?" என்றார் அண்ணன்.

அந்தக் கேள்விதான் என்னை உலுக்கியது. ஒட்டும்! எங்கள் ஆலையில் அது அடிக்கடி நடக்கிற தலைவலி. பிழிந்த எண்ணெயும் கொதிநீரும் ஒரே சூட்டில் பம்புக்குள் வேகமாக அடிபட்டால், இரண்டும் பிணைந்து பால் போல ஆகிவிடும். எவ்வளவு நேரம் நின்றாலும் பிரியாது. அப்படி ஆன அன்றைக்கு மேலாளர் போடும் கூச்சலில் ஆலையே நடுங்கும். ஆலையில் எல்லோரும் திட்டு வாங்குகிற தப்பு ஒன்று இருக்கிறதே, அதைத்தான் நான் அடுப்படியில் வேண்டுமென்றே செய்ய வேண்டும்.

இரண்டையும் ஒரே சூட்டில் வைத்தேன், விரல் பொறுக்கும் சூடு. இனி அடிக்க வேண்டும். தீபாவளி கேக்குக்கு முட்டை அடிக்கிற கம்பிச்சுருள் வீட்டில் இருந்தது. எங்கள் லயத்தில் கேக் அடிப்பது ஆண்கள் வேலை. முட்டையும் சீனியும் வெண்ணெயும் போட்ட பேசினை மடியில் வைத்துக்கொண்டு மணிக்கணக்காக அடிப்பார்கள். யாருக்குக் கை வலிக்கவில்லை என்று ஒரு போட்டியே நடக்கும். அதில் அண்ணனை ஜெயித்தவர் கிடையாது.

அண்ணன் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார். நான் கற்றாழை நீரைச் சொட்டுச் சொட்டாக விட்டேன். அண்ணி பேசினைப் பிடித்துக்கொண்டார். சுருள் குதித்தது. எண்ணெய் எண்ணெயாகவே இருந்தது. அண்ணனின் கழுத்தில் வியர்வை இறங்கியது. "விடுங்க, ஒங்களுக்குக் கை போயிரும்" என்று அண்ணி சொல்ல, "போன கை இங்க ஒண்ணு போதும்" என்று அண்ணன் அடித்துக்கொண்டே இருந்தார்.

பிறகு அது நடந்தது. மஞ்சள் எண்ணெய் மங்கியது. ஓரத்தில் ஒரு வெண்மை தோன்றி, சுருளோடு சுற்றி, நடுவுக்கு வந்து, நாங்கள் பார்க்கப் பார்க்கப் பேசின் முழுதும் வெளுத்தது. எண்ணெயும் இல்லை, தண்ணீரும் இல்லை. பாலேடு மாதிரி கெட்டியாக, மெத்தென்று, புதிதாக ஒன்று இருந்தது. ஆய்வுக்கூடத்தில் எத்தனையோ போத்தலைக் குலுக்கியிருக்கிறேன். என் உடம்பு சிலிர்த்தது அன்றுதான். அண்ணன் சுருளைத் தூக்கினார். அது கூம்பாக நின்றது.

"கேக்குன்னு நெனச்சுத் தின்னுடாதீங்க" என்றார் அண்ணி.

நாட்காட்டித் தாள்கள்

கற்றாழை சேர்ந்ததால் ஒரு வாரத்துக்கு மேல் வைத்தால் பூசணம் பிடிக்கும். அதனால் சனிக்கிழமைதோறும் புதிதாக அடித்தோம். ஆலை ஸ்டோர்காரரிடம் கெஞ்சி இரண்டு ஜோடி ரப்பர் கையுறை வாங்கினேன். ஆண்கள் அளவு. அண்ணி மணிக்கட்டில் கயிறு கட்டி மாட்டிக்கொண்டு உரம் போடப் போனார். மற்ற பெண்கள் டாக்டரம்மா என்று கூப்பிட்டுச் சிரித்தார்கள். வேலை முடிந்து குளித்ததும் கிரீமைப் பூசி, மேலே அண்ணனின் பழைய பந்து விளையாட்டுக் காலுறையை இரண்டு கையிலும் மாட்டிக்கொள்வார். சிவப்பு வெள்ளைக் கோடு போட்ட காலுறை. அதோடு சோறு பிசைய முடியாது என்பதால் அண்ணன் ஊட்டிவிட்டார். வேறு எதற்கும் அவர் அப்படிச் செய்து நான் பார்த்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் சோதனை. தோட்டத்துக் கணக்குப்பிள்ளையான கிராணியின் அலுவலகத்தில் கழித்துப்போட்ட முத்திரை மைப்பெட்டியில் விரலைத் தொட்டு, கிழித்த நாட்காட்டித் தாளின் பின்பக்கம் அண்ணி அழுத்துவார். நான் ஆய்வுக்கூடத்து உருப்பெருக்கிக் கண்ணாடியை வைத்துப் பார்ப்பேன்.

முதல் வாரம் மொத்தை. இரண்டாவது வாரம் மொத்தைக்குள் வெடிப்புகளின் வெள்ளைக் கீறல்கள். மூன்றாவது வாரம் பழைய தோல் சருகாக உரிந்தது. அண்ணி பயந்துபோனார். நானும்தான் பயந்தேன், வெளியே சொல்லவில்லை. நான்காவது ஞாயிறு, விரலின் ஓரத்தில் மயிர் போல மெல்லிய இரண்டு வளைகோடுகள் தெரிந்தன. "அண்ணி!" என்று நான் கத்திய கத்தலில் பக்கத்து வீட்டுக் கோழிகள் சிதறின.

ஐந்தாவது ஞாயிறு எனக்கு ஒன்று தோன்றியது. அண்ணியின் சிவப்பு அட்டையை எடுத்துவரச் சொன்னேன். அதன் பின்பக்கம் அவர் பன்னிரண்டு வயதில் வைத்த கட்டைவிரல் பதிவு இருந்தது. பிளாஸ்டிக் உறைக்குள் மங்கியிருந்தாலும் ரேகை தெளிவாகத் தெரிந்தது. நடுவில் ஒரு சுழி. சுழிக்குக் கீழே இடப்பக்கம் ஒரு கோடு இரண்டாகப் பிரிந்து கவட்டை போல நிற்கிறது. நாட்காட்டித் தாளைப் பக்கத்தில் வைத்தேன். அதே சுழி. அதே இடத்தில் அதே கவட்டை.

கண்ணாடியை அண்ணியிடம் கொடுத்தேன்.

"கை முறுக்கு மாதிரி சுத்திச் சுத்தி இருக்குலா" என்றார் முதலில். பிறகு கவட்டையைக் கண்டுபிடித்தார். அட்டையைப் பார்த்தார், தாளைப் பார்த்தார், விரலைப் பார்த்தார். "இது அந்தச் சின்னப் புள்ளையோடது. நான் தொலைச்சிட்டேன்னுல்ல நெனச்சேன்" என்றார்.

இத்தனை வருஷத்து உரமும் மழையும் வெயிலும் மேலே இருந்ததைத்தான் தின்றிருக்கின்றன. கீழே, எந்தக் கை எட்டும் ஆழத்துக்கும் அப்பால், அந்தச் சுழி ஒரு கோடுகூட மாறாமல் காத்திருந்திருக்கிறது. நான் செய்தது பெரிய காரியம் ஒன்றுமில்லை. கொஞ்சம் எண்ணெயும் கொஞ்சம் ஈரமும் கொடுத்து வழிவிட்டேன், அவ்வளவுதான். இன்றும் என் விரலைக் கூர்ந்து பார்க்கும்போது எனக்கு அந்த ஞாயிற்றுக்கிழமையின் வியப்பு வரும்.

பளபளத்த விரல்

ஆறாவது வாரம், கெடுவின் கடைசி நாள், வெள்ளிக்கிழமை. பஸ் வழியில் நின்று நின்று வந்தது. நாங்கள் அலுவலகத்துக்குள் நுழையும்போது வெள்ளிக்கிழமைத் தொழுகைக்காக மூட கால் மணி நேரம்தான் இருந்தது; அதற்குப் பிறகு அன்றைக்கு விரல் பதிவு கிடையாது. அதே அதிகாரி இழுப்பறையிலிருந்து கோப்பை எடுத்தார். மையை உருட்டினார். விரலை வைத்தார்.

காகிதத்தில் விழுந்தது நான்கைந்து கறுப்புத் திட்டு. மீதியெல்லாம் வெள்ளை.

நான் அண்ணியின் விரலைப் பிடித்துப் பார்த்தேன். சாமி சிலைக்கு எண்ணெய்க் காப்பு போட்ட மாதிரி மின்னியது. "அண்ணி, இன்னைக்குப் பூசுனீங்களா?"

"நல்ல காரியத்துக்குப் போறப்ப கை பளபளன்னு இருக்க வேணாமா? ரெண்டு தடவை பூசுனேன்."

ஆறு வாரமாக அதைப் பூசு, இதைப் பூசு என்று சொன்ன நான், இன்று பூசாதே என்று சொல்ல மறந்திருந்தேன். கழிவறைக் குழாயில் சவர்க்காரம் போட்டுத் தேய்த்தோம். மெழுகு சேர்ந்த கிரீம். தண்ணீர் முத்து முத்தாக ஓடியதே தவிர அது அசையவில்லை. வெளியே ஜன்னல்களை ஒவ்வொன்றாகச் சாத்துகிற சத்தம் கேட்டது. அண்ணி என் முகத்தையே பார்த்தார்.

எங்கள் ஆலையில் எண்ணெய்க் கையை யாரும் சவர்க்காரத்தால் கழுவுவதில்லை. கொதிகலன் சாம்பலை அள்ளித் தேய்ப்பார்கள். சாம்பல்! இந்தப் பட்டணத்தில், இந்த நேரத்தில், சாம்பலுக்கு எங்கே போவது?

"அண்ணி, பையில திருநீறு இருக்கா?"

இருந்தது. காலையில் கோயிலில் வாங்கிய பொட்டலம். விஷயம் புரிந்ததும் அண்ணி அதை மார்போடு அணைத்துக்கொண்டார். "சாமி திருநீற வச்சுக் கை கழுவுறதா? பாவம்லா."

"கழுவல அண்ணி. விரலுக்குப் பூசுறோம்."

ஒரு கணம் யோசித்தார். பிறகு ஒரு சிட்டிகை எடுத்து நெற்றியில் இட்டுக்கொண்டு, கண்ணை மூடி, மீதியை என் கையில் கொட்டினார். நான் இரண்டு கட்டைவிரல்களையும் வெளுக்க வெளுக்கத் தேய்த்தேன். எண்ணெயை அது உறிஞ்சிக்கொண்டு திரண்டு உதிர்ந்தது. கைக்குட்டையால் துடைத்துவிட்டு மேசைக்கு ஓடினோம். அதிகாரி தொழுகைக்குப் போகச் சொங்கோக் தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டு எழுந்து நின்றிருந்தார். அண்ணியின் நெற்றியைப் பார்த்தார், விரலைப் பார்த்தார், மறுபடி உட்கார்ந்தார்.

உருட்டினார். எடுத்தார்.

சுழி. கவட்டை. கோட்டுக்குக் கோடு.

"சந்தெக்" என்றார் அவர். அழகு என்று அர்த்தம். அண்ணிக்கு அந்த ஒரு மலாய்ச் சொல்லை நான் மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை.

மாடி வீட்டில்

நீல அட்டை சில மாதங்களில் வந்தது. பிறகு பாஸ்போர்ட். அண்ணனுக்கு லோரி ஓட்டம் இருந்ததால் நான்தான் அண்ணியோடு சிங்கப்பூர் போனேன். அண்ணி மடியில் ஒரு போத்தல் கிரீம், முதல் நாள் அடித்தது. அக்காவுக்குக் கொடுக்க வேறு எதுவும் தோன்றவில்லை அவருக்கு.

பாக்கியம் அக்கா கதவைத் திறந்தார். உள்ளே கயிறு கயிறாகத் துணி தொங்கியது. நோயாளியைப் பார்த்துக்கொண்டு வீட்டிலேயே ஊர்த்துணி துவைத்துப் பிழைத்திருக்கிறார். கடிதத்தில் அதை ஒருநாளும் எழுதியதில்லை. எட்டு வருஷத்து அழுகையை இருவரும் வாசலிலேயே அழுது தீர்த்தார்கள். நான் கயிற்றில் தொங்கிய சட்டைகளைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அக்கா முதலில் தங்கையின் கையைத்தான் தடவிப் பார்த்தார். "தோட்டத்துல வேல செய்யுற கையா இது? பூ மாதிரி இருக்கேடி. ராஜு ஒன்னைய உக்கார வச்சுச் சோறு போடுறாரா?"

"ஆமாக்கா, ஊட்டியே விட்டாரு" என்று சிரித்த அண்ணி, சட்டென்று நிறுத்தினார். அக்காவின் கையைத் திருப்பிப் பார்த்தார். சோப்புத் தூளில் ஊறி வெளுத்து, வெடித்து, கட்டைவிரல் கண்ணாடி மாதிரி வழவழவென்று இருந்தது.

அக்கா கையை இழுத்துக்கொள்ளப் பார்த்தார். அண்ணி விடவில்லை. அங்கேயே, துணிகளுக்கு நடுவே, தரையில் அவரை உட்காரவைத்து, போத்தலைத் திறந்து, ஒவ்வொரு விரலாகப் பூசத் தொடங்கினார்.

"இதெல்லாம் எதுக்குடி இனிமே? எல்லாம் தேஞ்சு போச்சு" என்றார் அக்கா.

"தேயலக்கா" என்றார் அண்ணி. "உள்ளதான் இருக்கு. வரும்."